மூன்று கோட்டு மூட்டை

கொட்டகையின் முன்பாதியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு கல், கையில் ஒரு மரக்கட்டை. ஓடு உரித்த புளியைக் கல்லில் வைத்துத் தட்டி, விரலால் பிதுக்கி, கொட்டையை ஒரு பக்கமும் நாரை ஒரு பக்கமும் தள்ளினார்கள். கட்டைகளின் சத்தம் ஓயாமல் வந்தது. அன்று ஜமுனாமரத்தூர் சந்தை நாள். ரோட்டில் மலையேறி வந்த பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

கோபால்சாமி நின்றுகொண்டிருந்தார். புளி தட்டுகிறவர்களில் மூத்தவளான ரத்தினம்மாள் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் உட்காரவில்லை. சேதி சொல்லிக் கூப்பிட்ட கொட்டகைக்காரன் வந்து உட்காரச் சொல்லட்டும் என்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. எழுபது வயதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. ஊரில் பெரியதனம் பார்த்த வீடு. பஞ்சாயத்தில் அவர் தகப்பனார் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாவது வார்த்தை தேவைப்பட்டதில்லை.

அவருக்குப் பின்னால் மருமகள் ரேணுகாதேவி துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கணவன் ஜீவானந்தம் கர்நாடகத்தில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். மரம் உலுக்கியது ஆள் வைத்து என்றாலும், பொறுக்கியது, காயவைத்தது, ஓடு உடைத்தது, தட்டியது எல்லாம் அவள்தான். விரல் நுனிகள் வெடித்து, வெடிப்புகளில் புளிக்கறை ஏறியிருந்தது.

போன சந்தைக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியதும் அவளே. கோபால்சாமியின் வீட்டு மூட்டைகளும் அவர் தம்பி பூபாலன் வீட்டு மூட்டைகளும் ஒரே வண்டியில் வந்தன. வழியில் டயர் பஞ்சராகி வண்டி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. முன்பாதியில் இடமில்லை என்று பின்பாதியில் இறக்கச் சொன்னார்கள். எடை போடுவது அடுத்த சந்தைக்கு என்றார்கள். நேற்று மாலை பஸ் கண்டக்டர் வழியாகச் சேதி வந்தது. மூன்று கோட்டு மூட்டையில் பழைய வருடத்துப் பழம்புளி கலந்திருக்கிறது, பெரியவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

மூன்று கோடு என்பது அவர்களுடைய குறி. சாக்கின் வயிற்றில் படுக்கை வசத்தில் மூன்று கோடு. தகப்பனார் காலத்தில் செங்காவிக் கல்லை இழைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், மரங்களைப் பிரித்தார்கள், கோட்டைப் பிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூத்தவன் வீட்டுக்குச் சிவப்புக் கோடு, இளையவன் வீட்டுக்கு விளக்குக்கரியில் குழைத்த கறுப்புக் கோடு என்று ஆனது. சாயத்தைக் குழைப்பதும் கோடு போடுவதும் கோபால்சாமியின் வேலை. இரண்டு வீட்டுச் சாக்குகளுக்கும் அவர்தான் போடுவார். ஒருமுறை செங்காவி பற்றாமல் போக, ரேணுகாதேவி கதவுக்கு அடித்து மீந்திருந்த பச்சைப் பெயிண்டை ஊற்றிப் பெருக்கப் பார்த்தாள். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, சாணிச் சேறு மாதிரி ஒன்று கிண்ணத்தில் நின்றது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கிண்ணத்தை எடுத்துப்போய் வேலியோரம் கவிழ்த்துவிட்டு வந்தார். அவள் இரண்டு நாள் அவர் எதிரில் வரவில்லை.

குணசீலன் சந்தவாசலிலிருந்து வந்து மலையில் கொட்டகை போட்டவன். நாற்பது வயதிருக்கும். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"வாங்க பெரியவரே. நிக்கிறீங்களே, உக்காரக் கூடாதா?"

"விஷயத்தச் சொல்லு."

"சொல்றது இன்னா கீது? பாத்துடுங்க."

தராசுப் பக்கம் விஜயராஜ் தன் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தார். அவரை அங்கே கோபால்சாமி எதிர்பார்க்கவில்லை. பூபாலனின் மகள் கோகிலவாணியை விஜயராஜின் அண்ணன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். சித்திரையில் கல்யாணம். விஜயராஜ் தலையை மட்டும் அசைத்தார். ஆனால் எடை முடிந்த பிறகும் போகாமல், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கொட்டகையின் முன்பாதிக்குத் தகரக் கூரை. பின்பாதியை ஐப்பசிக் காற்று பிய்த்துக்கொண்டு போனதால், அங்கே வெளிச்சம் வரட்டும் என்று ஒளி ஊடுருவும் பச்சைப் பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தான் குணசீலன். பின்பாதிக்குள் கால் வைத்ததும் குளத்துக்குள் முங்கியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்புப் போய்விட்டது. எல்லாம் வழக்கம்போலத்தான் தெரிந்தது. சுவரோரம் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில் மேசை, மேசைக்கு மேலே சாமி படம், படத்தைச் சுற்றிச் சிவப்பு சீரியல் லைட்டு. படத்தின் இரண்டு பக்கமும் சுவரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் படிந்திருந்தது. லைட்டு சிவப்பாக இருக்க, சுவர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று அவர் ஒரு கணம் பார்த்தார். அதற்குள் குணசீலன் தரையைக் காட்டினான்.

தார்ப்பாயில் ஒரு மூட்டையை அவிழ்த்துப் பாதி கொட்டியிருந்தார்கள். புளி கறுத்துக் கிடந்தது. புதுப்புளியில் இருக்கும் செம்மை ஓர் இடத்திலும் இல்லை. போன வருடத்தையது என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் முந்தையதுபோல் இருந்தது. கோபால்சாமி குனியாமல் நின்றபடியே பார்த்தார். பிறகு பக்கத்தில் சாய்ந்திருந்த சாக்கைப் பார்த்தார். வயிற்றில் மூன்று கோடு. கோடு கறுப்பு.

தம்பி வீட்டு மூட்டை.

அவருக்கு முதலில் மூச்சு லேசாகியது. அடுத்த கணமே அது நெஞ்சில் கல்லாக நின்றது. கல்யாணச் செலவு. பரணில் கிடந்த பழசையெல்லாம் இறக்கிக் கலந்துவிட்டானா? பூபாலன் அப்படிச் செய்கிறவன் இல்லை. ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் திரும்பிப் பார்க்காமலேயே விஜயராஜ் எங்கே நிற்கிறார் என்பதைக் கணக்கில் வைத்திருந்தார். தகரக் கூரை முடியும் இடத்தில், காதுக்கு எட்டும் தூரத்தில்.

குணசீலன் குரலைத் தாழ்த்தவில்லை. "ரெண்டு வூட்டு மூட்டையும் ஒண்ணா வந்துது. கோடு எல்லாம் ஒரே மாதிரி கீதுன்றான் எங்க ஆளு. எது யார்துன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்களே சொல்லிடுங்க. எந்த வூட்டுதோ, அந்த வூட்டு சரக்கு ரெண்டாந்தரத்துல போவும். அந்த வூட்டு மூட்டை இனிமே இந்தக் கொட்டாய்க்கு வர வேணாம். இன்னொரு வூட்டுக்கு ஒரு கொறையும் வராது. சொல்லலன்னா ரெண்டு வூட்டுக்கும் அதேதான்."

மலையில் சில்லறையாகப் புளி எடுக்கிற கொட்டகை இது ஒன்றுதான். இதைவிட்டால் மூட்டையை மலையிறக்கிப் படவேடு பக்கம் கொண்டுபோக வேண்டும். வண்டிக்குக் கொடுப்பதே புளியை விழுங்கிவிடும். அதுகூடப் போகட்டும். மூன்று கோடு போட்ட மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் தராசில் தூக்கிப் போட்ட காலம் உண்டு. இப்போது பெண்கள் கட்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள்.

"உங்க தம்பிக்கும் சொல்லி அனுப்பிக்கீறன். பதினொரு மணி பஸ்ஸுல வந்துடுவாரு. அவுரும் வரட்டும், வச்சிப் பேசிக்கலாம்" என்றான் குணசீலன்.

அதுதான் அவரை உலுக்கியது. பூபாலன் வந்து, இந்தக் கறுத்த புளிக்கு முன்னால், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, திருடனைப்போல நிற்பான். அல்லது இல்லை என்று சாதிப்பான். கோடு கறுப்பு என்று ஊரே காட்டும். நாளைக்கே நிச்சயத் தாம்பூலம் திரும்பி வரும். கோகிலவாணி பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர்.

"அவன் எதுக்கு? இது என் வூட்டு மூட்டை" என்றார்.

பின்னால் ரேணுகாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தது அவருக்குக் கேட்டது.

குணசீலனே எதிர்பார்க்கவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க கோடு செவப்பு, தம்பிது கறுப்புன்னு யாரோ சொன்னாங்க."

"கோடு போட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப பழசு கலந்தது உங்க வூட்லன்னு ஒத்துக்கிறீங்க."

"என் வூட்டு மூட்டைன்னு சொல்ட்டேன். அதுக்கு மேல இன்னா கேக்கற?"

விஜயராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார். அவருடைய செருப்புச் சத்தம் போகும்வரை கோபால்சாமி அசையவில்லை. பெண்கள் மறுபடியும் கட்டையை எடுத்தார்கள். வசந்தி என்கிற இளையவள் பக்கத்தில் இருந்தவளிடம், ரேணுகா அக்காவா இப்படி என்று மெதுவாகக் கேட்டாள். ரத்தினம்மாள் அவளை அதட்டினாள்.

"மாமா" என்றாள் ரேணுகாதேவி. "நம்ம வூட்ல பழம்புளி ஏது மாமா?"

அவளை அடக்குவதற்காக அவர் திரும்பினார். பொதுவாக அவர் மருமகள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிறவர் அல்ல. வாசலையோ, அடுப்பையோ, அவள் தோளுக்கு மேலே எதையாவதோ பார்த்துத்தான் சொல்வார். கோபத்தில் நேராகப் பார்த்துவிட்டார். அவள் நெற்றியில் கறுப்புப் பொட்டு. வகிட்டிலும் கறுப்பாக ஒரு கோடு.

காலையில் பஸ் ஏறும்போது குங்குமம் வைத்திருந்தாளே? புருஷன் தூரதேசத்தில் இருக்கிறான். எதற்காகக் கறுப்பைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்? கர்நாடகத்திலிருந்து ஏதாவது சேதியா, தன்னிடம் மறைக்கிறாளா என்று மனம் கண்டபடி ஓடியது.

"வெளிய வா" என்றார்.

பின்வாசல் வழியாக இருவரும் வெளியே வந்தார்கள். பச்சைத் தகடு சுவரைத் தாண்டி இறவாரமாக நீட்டிக்கொண்டிருந்தது. அது முடியும் இடத்தில் தரையில் கோடு கிழித்ததுபோல் பச்சை வெளிச்சம் முடிந்து வெயில் தொடங்கியது. ரேணுகாதேவி அந்தக் கோட்டைத் தாண்டி வெயிலில் போய் நின்றாள். நெற்றியில் குங்குமம் சிவப்பாக இருந்தது.

கோபால்சாமி கண்ணைக் கசக்கினார். பச்சைக்குள்ளிருந்து வந்த கண்ணுக்கு, வெயிலில் தன் வேட்டியே லேசாக ரோஜா நிறத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. கண் சிமிட்டியதும் வெள்ளையானது.

"இப்டி வா" என்றார். அவள் இறவாரத்துக்குக் கீழே வந்தாள். கறுப்பு. "அங்க போ." சிவப்பு. "வா."

"இன்னா மாமா ஆச்சு உங்களுக்கு?" அவள் பயந்துபோனாள். "தல சுத்துதா? தண்ணி வாங்கியாரட்டா?"

அவர் உள்ளே போனார். தார்ப்பாயில் குனிந்து ஒரு கைப்பிடிப் புளியை அள்ளினார். சட்டையில் ஒட்டியதைக் கவனிக்கவில்லை. வெளியே வந்து வெயிலில் உள்ளங்கையை விரித்தார்.

புளி செக்கச்செவேலென்று இருந்தது. ஈரம் முழுசாய்ப் போகாத புதுப்புளி. வெயில் பட்டு ஓரங்கள் பளபளத்தன. அவர் கையை இறவாரத்துக்குக் கீழே கொண்டுபோனார். கறுத்தது. வெளியே கொண்டுவந்தார். சிவந்தது.

ரேணுகாதேவி அந்தப் புளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே ஓடி, காலிச்சாக்கைப்போல் பாதி சரிந்து கிடந்த அந்த மூட்டையின் வாயைப் பிடித்துத் தரதரவென்று வாசல்வரை இழுத்து வந்தாள். சாக்கின் வயிறு வெயிலுக்கு வந்தபோது மூன்று கோடும் செங்காவி நிறத்தில் இருந்தன.

கோபால்சாமி சாக்கையும் கையிலிருந்த புளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம மூட்டைதான்" என்றாள் அவள். குரல் உடைந்தது. "நான் தட்டின புளி. ஒவ்வொண்ணா பாத்து, பூச்சி வுழுந்தத வெளிய போட்டுக் கட்டின மூட்டை. ஒத்துக்கறதுக்கு முன்னால என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா மாமா?"

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

குணசீலன் மேசையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆரணி வியாபாரியின் வண்டி மலையேறிவிட்டது என்று தெரிந்தது. கோபால்சாமி அவன் பேசி முடிக்கும்வரை நின்றார். அப்படி ஒருவனுக்கு எதிரில் காத்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லை.

"குணசீலா, புளிய வெளிய எட்துனு வந்து பாரு. உன் கூரை பச்சை. இங்க செவப்பெல்லாம் கறுப்பாத் தெரியுது. என் கோடே கறுப்பாத் தெரிஞ்சிது."

குணசீலன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். முன்னால் கிடந்த புளியைப் பார்த்தான். அவன் பார்வை ஒரு நொடி தலைக்கு மேலே இருந்த சீரியல் லைட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு சிரித்தான்.

"இன்னா பெரியவரே, பச்சை போயி கறுப்பாவுமா? பச்சை வெளிச்சத்துல பச்சையாத்தானே தெரியணும்?"

"ஒரு பிடி எட்துனு வெளிய வா. கண்ணால பாரு."

"சரக்கு பாக்கறது கொட்டாய்க்குள்ளதான். ஒருத்தருக்காக வெளிய எட்துனு போனா, நாளைக்கி எல்லாரும் வெயில்ல கடை வைங்கன்னுவாங்க."

கோபால்சாமி மூடிய கையை மேசைமேல் நீட்டி விரித்தார். குணசீலன் அதைப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றான். இப்போது அவன் குரலில் மரியாதை கூடியிருந்தது. "நாலு பேர் எதுக்க என் வூட்டு மூட்டைன்னு சொன்னது யாரு? நானா சொல்லச் சொன்னேன்? தம்பி வரட்டும்னுகூடச் சொன்னேன். உங்க வூட்டு வார்த்தைன்னா மலையில ஒரு மதிப்பு கீது. அரை மணி நேரத்துல நீங்களே மாத்திப் பேசினா, அந்த வார்த்தைக்கு இன்னா மதிப்பு?"

கட்டைகளின் சத்தம் மறுபடியும் நின்றிருந்தது. கோபால்சாமி கையை மடக்கித் துண்டின் முனையில் புளியை முடிந்துகொண்டார். துண்டின் மடிப்பு கலைந்தது.

பூபாலன் பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையிலேயே முழு விஷயத்தையும் கேட்டுவிட்டு வந்திருந்தான். அண்ணனைப் பின்வாசலில் கண்டான். ரேணுகாதேவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். கூரையைக் காட்டினாள், சாக்கைக் காட்டினாள், மாமா எதற்காக ஒத்துக்கொண்டார் என்பதையும் சொன்னாள். தம்பி வீட்டு மானத்தைக் காப்பாற்றத்தான் என்றாள். அதைக் கேட்டால் அவன் மனம் இளகும் என்று நினைத்திருப்பாள்.

பூபாலன் சாக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோடுகள்மேல் விரலை வைத்து இழுத்தான். எழுந்தபோது முகம் இறுகியிருந்தது.

"அப்ப நான் கலந்துட்டேன்னு நெனச்ச" என்றான்.

"பூபாலா."

"கறுப்புக் கோட்டப் பாத்ததும் நான்தான்னு முடிவு பண்ணிட்ட. கேக்கணும்னுகூடத் தோணல."

"பொண்ணு கல்யாணம் நிக்குதேன்னுதான்டா."

"கல்யாணம் வந்தா உன் தம்பி கலப்படம் பண்ணுவான். அதானே ண்ணா?" அவன் சத்தம் போடவில்லை. "பாகம் பிரிச்சப்ப செவப்ப நீ வச்சிக்கின, கரிய எனக்குக் குடுத்த. அப்பகூட நான் ஒண்ணும் பேசல. விஜயராஜ் மாமா பஸ் ஸ்டாண்டுல இன்னா கேட்டாரு தெரியுமா? 'உங்க பெரிய வூட்லயே இப்டின்னா, சின்ன வூட்ல எப்டி?'ன்னாரு."

அவன் தன் மூட்டைகள் இருக்கும் இடத்துக்குப் போய், அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டித் தகரக் கூரைக்குக் கீழே தள்ளினான். எடை போடச் சொன்னான். அண்ணன் வீட்டுச் சரக்கோடு சேர்க்க வேண்டாம் என்று தராசுக்காரனிடம் தெளிவாகச் சொன்னது பின்வாசல்வரை கேட்டது. எடை முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் முன்வாசல் வழியாகப் போனான்.

ஆரணி வண்டி வந்து பின்வாசலில் நின்றது. வியாபாரி இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கோபால்சாமியின் மூட்டைகளுக்கு இரண்டாந்தரத்தில் எடை போட்டு முடித்திருந்தார்கள். ரேணுகாதேவி கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னாள். அவர் நகரவில்லை. பின்வாசலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

குணசீலன் தார்ப்பாயில் கொட்டிக் கிடந்த புளியிலிருந்து ஒரு உருண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்தான். அதை மேசைக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே, சீரியல் லைட்டுக்கு நெருக்கமாக வைத்தான். வியாபாரியைக் கூப்பிட்டான். இருவரும் குனிந்தார்கள். அந்த மூலையில் கூரையின் பச்சையும் லைட்டின் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தட்டின் விளிம்பு மஞ்சளாக மின்னியது. கிண்ணத்தில் சேறாகிப் போன அதே இரண்டு நிறங்கள். தட்டில் இருந்த புளி, வெயிலில் அவர் உள்ளங்கையில் இருந்ததுபோலவே சிவந்து இருந்தது.

வியாபாரி கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். தலையை ஆட்டினார்.

"மலையில இந்த வருசம் புளி நல்லா வந்துக்கீது, மொதல்தரமே போட்டுக்கலாம்" என்று அவர் சொல்வது வெளியே கேட்டது.

"எடுக்கறது நாமதானே, பாத்துத்தான் எடுக்கறோம்" என்றான் குணசீலன்.

ரேணுகாதேவி வேப்பமரத்தடியிலிருந்து இரண்டு அடி முன்னால் போனாள். கோபால்சாமி அவளைத் தடுப்பதற்காகக் கையை நீட்டினார். அவள் தானாகவே நின்றுவிட்டாள்.

வேலையாட்கள் புளியை வியாபாரியின் புதிய வெள்ளைச் சாக்குகளில் அள்ளிப் போட்டார்கள். அந்தச் சாக்குகளில் ஆரணிக் கடையின் பெயர் நீல எழுத்தில் அச்சாகியிருந்தது. மூன்று கோட்டுச் சாக்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முன்னெல்லாம் காலிச்சாக்கை உதறி, மடித்து, கட்டிக் கையில் கொடுப்பார்கள். இன்று யாரும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூட்டைகளைச் சுமந்து வந்தவர்களில் ஒருவன் வாசல்படியில் வழுக்கினான். காலையில் யாரோ தண்ணீர் கொட்டிய இடம் சேறாகியிருந்தது. உள்ளேயிருந்து ஒருத்தன் காலிச்சாக்கு ஒன்றை எடுத்து வீசினான். அது வாசலில் விரிந்து விழுந்தது. அடுத்து வந்தவன் அதில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்துவிட்டு வண்டிக்குப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் துடைத்தான்.

ரேணுகாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபால்சாமி துண்டு முடிச்சைப் பிடித்தபடி நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கு பாதி இறவாரத்துக்குக் கீழேயும் பாதி வெயிலிலும் கிடந்தது. வெயிலில் கிடந்த பக்கம் மூன்று கோடும் சிவப்பாக இருந்தன. தகட்டின் நிழல் தொடங்கிய இடத்திலிருந்து அதே கோடுகள் கறுப்பாகத் தொடர்ந்து வாசலுக்குள் போயின.